பழைய எலும்புக்கூடுகளில் வறுமையும் மூட்டுத் தேய்மானமும்: ஆய்வைச் செய்யும் முறை

ஏழைகள் கடுமையாக உழைத்தார்கள், உழைத்தால் மூட்டு தேயும், எனவே ஏழைகளின் எலும்புகளில் தேய்மானம் அதிகம் இருக்கும். இந்த மூன்று வரித் தர்க்கத்தோடு ஆய்வைத் தொடங்குபவர்களில் பலர் எண்களைப் பார்த்ததும் குழம்பிப் போகிறார்கள். வசதியானவர்களின் கல்லறைகளில்தான் பல நேரம் தேய்மானம் கூடுதலாகத் தெரியும். காரணம் எளிது. அவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள்.

ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் எனப்படும் மூட்டுத் தேய்மானத்தைத் தீர்மானிப்பதில் வயதுக்கே முதலிடம். அடுத்து பாலினம், மரபு, உடல் எடை, பழைய காயங்கள், மூட்டின் பிறவி வடிவம் எல்லாம் வரும். உழைப்பு இந்த வரிசையில் ஒன்று, அவ்வளவே. 1996இல் வெளியான ஓர் இரட்டையர் ஆய்வு, பெண்களின் கை, முழங்கால் தேய்மானத்தில் மரபின் பங்கு 39 முதல் 65 சதவீதம் வரை இருக்கும் என்று கணித்தது. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கிறைஸ்ட் சர்ச் நிலவறையில் புதைக்கப்பட்டவர்களில் பட்டு நெசவாளர்களும் இருந்தார்கள். தொழில் தெரிந்த அந்த எலும்புக்கூடுகளைப் பார்த்த 1989ஆம் ஆண்டு ஆய்வில், நெசவுக்கும் கைமூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு எதுவும் அகப்படவில்லை. ஆகவே தேய்மானத்தை உழைப்பை அளக்கும் கருவியாக எண்ணிக்கொண்டு ஆய்வில் இறங்க வேண்டாம்.

எந்த வழியாக?

வறுமை நேரடியாக மூட்டுக்குள் புகுவதில்லை. இடையில் ஏதாவது ஒரு வழி வேண்டும். எந்த வழி என்று முதலிலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு வழியும் வேறு மூட்டைச் சுட்டும் என்பதால், பிறகு விடையைச் சரிபார்க்க அந்தக் குறிப்பு மட்டுமே துணை.

சிறு வயதிலேயே தொடங்கிய பாரம் தூக்கும் வேலை என்றால் தோள், முழங்கை, முதுகெலும்பின் பின்புறச் சிறு மூட்டுகள் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். நீண்ட காலம் விவசாய வேலை செய்தவர்களுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் அதிகம் என்பது இக்கால மருத்துவ ஆய்வுகளில் உறுதியான முடிவு. மண்டியிட்டும் குந்தியும் செய்யும் வேலைக்கு முழங்கால், குறிப்பாகச் சில்லுக்குப் பின்னால் உள்ள பகுதி. சரியாகக் கட்டப்படாத எலும்பு முறிவு என்றால் முறிவுக்கு அடுத்த மூட்டு, அதுவும் ஒரு பக்கம் மட்டும். வெயில் போதாமல் எலும்பு மென்மையாகும் குழந்தைப் பருவ ரிக்கெட்ஸ் என்றால் வளைந்த கால், அதன் விளைவாக முழங்காலில் ஒரு பக்கத்தில் குவியும் பாரம். உடல் பருமன் என்றால் முழங்காலும் கையும். ஆனால் பழைய சமூகங்களில் இது செல்வத்தின் பக்கம் இழுக்கும் காரணி என்பதை மறக்கக் கூடாது.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் முடிவை வைத்து, வேலை கை மூட்டுகளைப் பாதிக்காது என்றும் சொல்லிவிட முடியாது. வர்ஜீனியாவின் ஒரு நெசவாலையில் பல ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்த பெண்களை ஆராய்ந்த 1978ஆம் ஆண்டு ஆய்வில், வேலைக்கு ஏற்றபடி வெவ்வேறு விரல்கள் மாறியிருந்தன. ஆனால் அங்கே ஒவ்வொருவரின் வேலையும், எத்தனை ஆண்டு செய்தார் என்பதும் பதிவில் இருந்தன. எலும்புக்கூட்டில் அந்த வசதி அநேகமாகக் கிடைக்காது.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் அடக்க முடிய வேண்டும். உதாரணமாக: “ஒரே நகரத்தில், ஒரே நூற்றாண்டில், ஒரே வயதில் இறந்தவர்களுள் ஏழைகளின் முழங்கையில் எபர்னேஷன் (எலும்போடு எலும்பு உரசி வரும் மெருகு) கூடுதலா?” முதன்மை மூட்டு ஒன்றையோ இரண்டையோ முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இருபது மூட்டுகளைத் தனித்தனியே சோதித்தால், தொடர்பே இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்றில் 0.05 என்ற வரம்புக்குள் (தற்செயலாக வர 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு) அடங்கும் முடிவு வந்துவிட வாய்ப்பு அதிகம். அதைப் பிடித்துக்கொண்டு கட்டுரை எழுதிவிடுவார்கள்.

யார் ஏழை?

எலும்பைப் பார்த்து ஏழை என்று முடிவு செய்துவிட்டு, பிறகு ஏழைகளின் எலும்பில் என்ன இருக்கிறது என்று தேடுவது வட்டத்தில் சுற்றுவதாகும். வறுமைக்கான முதல் சான்று எலும்புக்கு வெளியிலிருந்து வர வேண்டும்: புதைத்த இடம், சவப்பெட்டி, அடக்கச் செலவு, பெயர்த்தகடு, தேவாலயப் பதிவேடு, ஏழையர் விடுதிக் கணக்குகள்.

லண்டன் இதற்கு நல்ல களம். ஃப்ளீட் தெருவின் செயின்ட் பிரைட்ஸ் தேவாலயத்துக்கு நிலவறையும் உண்டு, ஃபாரிங்டன் தெருவில் கீழ் இடுகாடும் உண்டு. நிலவறையில் பெயர்த்தகடுகளோடு வசதியானவர்கள். 1770 முதல் 1849 வரை பயன்பட்ட கீழ் இடுகாட்டில் எளியவர்கள். பிரைட்வெல் ஏழையர் விடுதியிலிருந்தும் ஃப்ளீட் சிறையிலிருந்தும் உடல்கள் அங்கே வந்தன. ஒரே திருச்சபை வட்டம், ஒரே காலம், ஒரே காற்று. இப்படிப்பட்ட இணைதான் ஒப்பீட்டுக்கு வேண்டும். சதர்க்கில் 1853இல் மூடப்பட்ட கிராஸ் போன்ஸ் இடுகாடு ஏழைகளுக்கானது. 1990களில் அங்கே ஒரு சிறு பகுதியைத் தோண்டியதில் 148 எலும்புக்கூடுகள் கிடைத்தன. செல்சி பழைய தேவாலயம் ஒப்பீட்டளவில் வசதியான பகுதி. லண்டன் அருங்காட்சியகம் இத்தகைய தொகுதிகளின் எலும்புத் தரவை இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. எலும்பைத் தொடும் அனுமதி கிடைப்பதற்கு முன் அதில் பழகிக்கொள்ளலாம்.

பெயர், வயது, தொழில் எல்லாம் தெரிந்த தொகுதிகள் உண்டு. அவற்றிலும் பொறி இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள டெர்ரி தொகுதியிலும் (1728 பேர்), கிளீவ்லாந்தில் உள்ள ஹாமன்-டாட் தொகுதியிலும் (3000க்கு மேல்) உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரும் உரிமை கோராத உடல்களாக உடற்கூறியல் கூடத்துக்கு வந்தவர்கள், அதாவது ஏழைகள். அங்கே ஒப்பிட வசதியானவர்கள் போதுமான அளவில் இல்லை. மிசூரியில் 1950களின் நடுவில் சட்டம் மாறி, மக்கள் தாமே உடல்தானம் செய்யத் தொடங்கியபின் டெர்ரி தொகுதிக்குள் நடுத்தர வர்க்கத்தினரும் வந்தார்கள். ஆனால் அவர்கள் பிந்திய தலைமுறை, முதிய வயது. இரு குழுவையும் அப்படியே ஒப்பிட்டால் வறுமையைக் காலத்தோடு சேர்த்தே அளப்பீர்கள். போர்ச்சுகலின் 505 பேர் கொண்ட கோயிம்ப்ரா தொகுதியில் தொழில் பதிவும் இருக்கிறது. ஆனால் பெண்களில் பெரும்பாலோருக்கு “வீட்டு வேலை” என்ற ஒரே சொல்தான். மேலும் இறக்கும்போது இருந்த தொழிலே பதிவாகும். நாற்பது ஆண்டு கல் உடைத்துவிட்டுக் கடைசி இரண்டு ஆண்டு காவலாளியாக இருந்தவர் பதிவேட்டில் காவலாளிதான்.

பிரிட்டனில் 1832ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டத்துக்குப் பிறகு, உரிமை கோரப்படாத ஏழைகளின் உடல்கள் அறுத்துப் படிக்கக் கொடுக்கப்பட்டன. மண்டையோட்டிலும் நீள எலும்புகளிலும் ரம்பத்தின் தடம் இருந்தால் அதுவும் வறுமைக்கு ஒரு குறிப்பு; கூடவே, அறுபட்ட மூட்டுகள் தரவில் காணாமல் போகும் என்ற எச்சரிக்கையும்கூட.

புறச் சான்று கிடைத்த பிறகே எலும்பில் உள்ள குறிகளைத் துணைக்கு அழையுங்கள். பல் எனாமலில் குறுக்குக் கோடுகள், கண்குழியின் கூரையில் நுண்துளைகள், குட்டையான தொடையெலும்பு, குறுகிய முதுகெலும்புக் கால்வாய் ஆகியவை வளரும் பருவத்து நெருக்கடியைக் காட்டும். ஆனால் தனியாக எதுவும் “ஏழை” என்று சொல்லாது. ரிக்கெட்ஸ் ஏழைக் குழந்தைகளின் நோய் என்பார்கள். ஃப்ளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்துக் குழந்தைகளின் எலும்பிலேயே அது இருந்தது. வெயில் படாத மாளிகையும் சந்தும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

என்ன உண்டார்கள் என்பதை எலும்பின் வேதியலால் அறியும் ஐசோடோப்பு ஆய்வு செய்ய வசதி இருந்தால், எலும்புக் கொலாஜனில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள அணு விகிதம் 2.9 முதல் 3.6 வரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த எல்லைக்கு வெளியே போனால் மாதிரி கெட்டுவிட்டது. நைட்ரஜனின் கனமான வடிவமான நைட்ரஜன்-15 உயர்ந்தால் இறைச்சி, மீன் அதிகம் என்று படிப்பது வழக்கம். பட்டினியும் அதை உயர்த்தும், உடல் தன் தசையையே தின்பதால். அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தில், 1847 முதல் 1851 வரை, கில்கென்னி ஏழையர் விடுதியில் இறந்தவர்களின் பல் தந்தினியில் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு) இது தெளிவாகத் தெரிந்தது. பசியில் செத்தவரைப் பணக்காரர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

எத்தனை பேர் வேண்டும்

ஒரு குழுவில் 10 சதவீதம், மற்றதில் 20 சதவீதம் என்ற வேறுபாட்டை, 80 சதவீத வாய்ப்போடு, 0.05 வரம்பில் பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 200 பேர் வேண்டும். அதுவும் அந்த மூட்டு கெடாமல் இருக்கும் 200 பேர். 60 பேரை வைத்துக்கொண்டு “வேறுபாடு இல்லை” என்று எழுதுவது பொய்யான அடக்கம்; “எங்களால் பார்க்க முடியவில்லை” என்பதே சரியான வாக்கியம்.

எலும்பு தப்பிப் பிழைப்பதும் அந்தஸ்தைப் பொறுத்தது. ஈயப் பெட்டியில், நிலவறையில் இருந்த உடலில் விரல் எலும்புகூட எஞ்சும். அடுக்கடுக்காகக் குழியில் போட்ட உடல்கள் ஒன்றின்மேல் ஒன்று நசுங்கி, அடுத்த குழி வெட்டும்போது வெட்டுப்படும். சில்லும் மணிக்கட்டு எலும்புகளும் சல்லடை போடாத அகழாய்வில் மண்ணோடு போய்விடும். அதனால்தான் ஆள் கணக்கை மட்டும் வைத்துச் சதவீதம் போடக் கூடாது. வகுக்கும் எண், பார்க்க முடிந்த மூட்டுகளின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும்.

வயது: ஆய்வு நிற்பதும் விழுவதும் இங்கேதான்

மூட்டுத் தேய்மானத்தைப் பார்த்து வயதைக் கணிக்காதீர்கள். வெளிப்படையாக யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் முதுகெலும்பு முள் முள்ளாக இருந்தால் “இவர் முதியவர்” என்று மனம் தானாகச் சாய்ந்துவிடும். வயதைக் கணிப்பவரும் மூட்டைப் பதிவு செய்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். ஒருவரே செய்ய வேண்டியிருந்தால், எல்லாக் கூடுகளுக்கும் வயதை முடித்துப் பூட்டிவிட்டு, சில வாரம் கழித்து மூட்டுக்கு வாருங்கள்.

இடுப்பெலும்பின் முன் இணைப்பான ப்யூபிக் சிம்ஃபிஸிஸை ஆறு கட்டங்களாகப் பிரிக்கும் 1990ஆம் ஆண்டு முறை பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதன் வீச்சைப் பாருங்கள்: ஆண்களில் ஐந்தாம் கட்டம் 27 முதல் 66 வயது வரை, ஆறாம் கட்டம் 34 முதல் 86 வரை. சராசரியை மட்டும் எடுத்து “இவருக்கு 61” என்று எழுதினால் அது வெறும் அலங்காரம். இடுப்பெலும்பின் பின்புறம் உள்ள காது வடிவ முகத்தை ஐந்து கூறுகளாக மதிப்பிடும் 2002ஆம் ஆண்டு முறை முதியவர்களுக்குச் சற்று உதவும். அதுவும் ஒரு மூட்டின் முகம்தான் என்பதால் முழு விடுதலை கிடைக்காது. பல் தேய்மானம் உணவைப் பொறுத்தது. முரட்டு ரொட்டி தின்றவர் பல்லும் மென்மையான ரொட்டி தின்றவர் பல்லும் ஒரே வேகத்தில் தேயாது, அந்த வேறுபாடே வறுமையோடு ஒட்டியது. பல்வேரின் சிமென்ட் படல வளையங்களை எண்ணுவது மூட்டோடு தொடர்பில்லாத வழி. பல்லை அறுக்க வேண்டும் என்பதால் அனுமதி கடினம்.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சுமார் ஆயிரம் பேரில் 387 பேரின் பெயர் தகட்டால் தெரிந்தது. உண்மையான வயதோடு ஒப்பிட்டபோது, எலும்பு முறைகள் இளையவர்களை முதியவர்களாகவும், முதியவர்களை இளையவர்களாகவும் நடுவை நோக்கித் தள்ளியது தெரியவந்தது. இது சாதாரணப் பிழை அல்ல. எண்பது வயதுப் பணக்காரர் “50க்கு மேல்” என்ற பெட்டியில் ஐம்பத்திரண்டு வயது ஏழையோடு உட்கார்ந்துவிடுவார். வயதைச் சரிசெய்துவிட்டோம் என்று நீங்கள் நம்பும் இடத்திலேயே வயது ஒளிந்திருக்கும். முடிந்தால் ஒவ்வொருவருக்கும் ஒற்றை எண்ணுக்குப் பதில் நிகழ்தகவுப் பரவலைத் தரும் முறைகளைப் பயன்படுத்தி, அந்தப் பரவலை அப்படியே கணக்குக்குள் கொண்டு செல்லுங்கள்.

பாலினத்துக்கு இடுப்பெலும்பு போதும். அது உடைந்திருந்தால் மண்டையோடு. நீள எலும்பின் தடிமனை நம்ப வேண்டாம். உழைத்த பெண்ணின் எலும்பு தடித்திருக்கும், பட்டினி கிடந்த ஆணின் எலும்பு மெலிந்திருக்கும்.

மேசையில்

வேண்டியவை அதிகம் இல்லை: நுரைத்தட்டு, மென்தூரிகை, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நகரும் அளவுகோல், நீள எலும்புக்கு அளவுப் பலகை, பக்கவாட்டில் சாய்க்கக்கூடிய ஒரு விளக்கு. விளக்கு இல்லாமல் எபர்னேஷனைத் தேடாதீர்கள். மேலிருந்து விழும் ஒளியில் அது மறைந்துவிடும்; சாய்ந்த ஒளியில் பளிச்சென்று மின்னும்.

எபர்னேஷன் என்பது குருத்தெலும்பு முழுக்கப் போனபின் எலும்போடு எலும்பு உரசி ஏற்படும் தந்தம் போன்ற மெருகு. சில இடங்களில் அசைவின் திசையில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். நோயறிதலில் பரவலாக ஏற்கப்பட்ட விதி இது: எபர்னேஷன் இருந்தால் அது மட்டுமே போதும். இல்லையென்றால் பின்வருவனவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும்: மூட்டு விளிம்பில் எலும்பு வளர்ச்சி, மூட்டு முகத்தின் மேலேயே புது எலும்பு, முகத்தில் துளைகள், மூட்டின் வடிவ மாற்றம். விளிம்பு வளர்ச்சி மட்டும் இருந்தால் அது தேய்மானம் அல்ல. வயதோடு யாருக்கும் வரும். இந்த விதியை மீறி விளிம்பு முள்ளையெல்லாம் நோயாக எண்ணிய பழைய அட்டவணைகள் ஏராளம். அவற்றின் சதவீதத்தை உங்கள் சதவீதத்தோடு ஒப்பிட வேண்டாம்.

முதுகெலும்பில் இன்னொரு கவனம். முள்ளெலும்புகளின் உடல்களுக்கு நடுவே வட்டு இருக்கிறது. அது சினோவியல் மூட்டு (குருத்தெலும்பும் வழுக்கு நீரும் கொண்ட அசையும் மூட்டு) அல்ல. அங்கே வரும் முட்கள் வட்டுச் சிதைவைச் சேர்ந்தவை. பின்புறச் சிறு மூட்டுகளில் வருவதுதான் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ். பதிவுத்தாளில் இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும்.

பொய்யான எபர்னேஷன் மூன்று வழிகளில் வரும். பழைய அருங்காட்சியகத் தொகுதிகளில் எலும்பைக் கெட்டிப்படுத்தப் பூசிய வார்னிஷோ பசையோ மின்னும். ஆனால் அது மூட்டு முகத்தைத் தாண்டிப் பக்கத்து எலும்பிலும் பரவியிருக்கும். பெட்டிக்குள் எலும்புகள் உராய்ந்தால் மேடான இடம் மட்டும் வழவழப்பாகும். உண்மையான எபர்னேஷனுக்கு எதிர் எலும்பில் இணை இருக்க வேண்டும். தொடையில் இருந்தால் அதைத் தொடும் கீழ்க்கால் எலும்பிலோ சில்லிலோ தேடுங்கள். மூன்றாவது, பல் துலக்கும் தூரிகையால் ஈரத்தில் தேய்த்துக் கழுவியது. அது மெருகையும் தரும், மெல்லிய மேற்பரப்பைக் கிழித்துப் பொய்த் துளைகளையும் தரும். உண்மைத் துளையின் விளிம்பு உருண்டிருக்கும், நிறம் சுற்றுப்புறத்தோடு ஒத்திருக்கும். இறந்தபின் ஏற்பட்ட துளையின் விளிம்பு கூராகவும் வெளிறியும் இருக்கும்.

பதிவுத்தாளில் ஒவ்வொரு மூட்டு முகத்துக்கும் தனிக் கட்டம். முழங்காலை உட்பக்கம், வெளிப்பக்கம், சில்லுப் பக்கம் என மூன்றாகப் பிரியுங்கள்; ரிக்கெட்ஸ் வழியும் மண்டியிடும் வழியும் பிரிவது அங்கேதான். முகத்தில் பாதிக்கு மேல் இருந்தால்தான் “பார்க்க முடிந்தது” என்று கொள்ளுங்கள். 0 என்றால் பார்த்தேன், இல்லை. 1 என்றால் இருக்கிறது. 9 என்றால் எலும்பே இல்லை, அல்லது பார்க்க முடியவில்லை. வெற்றுக் கட்டம் விடக் கூடாது. கணினிக்கு ஏற்றும்போது வெற்றிடங்கள் சுழியமாகிவிடும், எலும்பே கிடைக்காத ஏழைகள் எல்லாரும் ஆரோக்கியமானவர்களாகிவிடுவார்கள். அந்தஸ்து தெரியும் பெட்டிச் சீட்டைப் பதிவு செய்பவர் பார்க்கக் கூடாது. இன்னொருவர் எலும்பை எடுத்து வைக்கட்டும்.

தொகுதியில் பத்தில் ஒரு பங்கைச் சில வாரம் கழித்து மறுபடியும் பதிவு செய்யுங்கள், இன்னொருவரும் செய்யட்டும். இரு பதிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோயன் காப்பா 0.8க்கு மேல் இருந்தால் நிம்மதி. எபர்னேஷனில் இது எளிதில் கிடைக்கும். துளைகளில் 0.6கூடக் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் முதன்மைக் கணக்கை எபர்னேஷனில் மட்டும் வையுங்கள். நோயாளிகளின் எண்ணிக்கை குறையும், நம்பகம் கூடும். தொடையெலும்புத் தலையின் விட்டத்தையும் மறக்காமல் அளந்துகொள்ளுங்கள். உடல் எடையைத் தோராயமாக மதிப்பிட அதுதான் கைவசம் இருக்கும்.

தேய்மானம் அல்லாதவை

முடக்குவாதம் எலும்பை அரிக்கும், கட்டாது; சிறு மூட்டுகளில், இரு பக்கமும், விளிம்பில் தொடங்கும். கவுட் பெரும்பாலும் கால் பெருவிரலின் அடி மூட்டில், குடைந்தெடுத்தது போன்ற பள்ளமும் அதன்மேல் தொங்கும் விளிம்புமாக இருக்கும். சீழ் மூட்டு, காசநோய் மூட்டு ஒற்றை மூட்டை அழித்துச் சில சமயம் இணைத்துவிடும். டிஷ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோயில் மார்பு முள்ளெலும்புகளின் வலப்பக்கம் உருகிய மெழுகு வழிந்தது போல எலும்பு பாயும்; நான்கு முள்ளெலும்புகளாவது தொடர்ச்சியாக இணைந்திருக்க வேண்டும், வட்டு இடைவெளி அப்படியே இருக்க வேண்டும்.

டிஷ்ஷைத் தேய்மானத்தோடு கலப்பது இந்த ஆய்வில் மிக மோசமான குழப்பம். அது பருமனோடும் நீரிழிவோடும் தொடர்புடையது. நன்றாகச் சாப்பிட்ட துறவிகளின் கல்லறைகளில் அடிக்கடி கிடைக்கும். முதுகெலும்பில் எலும்பு முளைத்ததெல்லாம் ஒன்றே என்று எண்ணினால் செல்வத்தின் நோயை உழைப்பின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். தனியாகப் பதிவு செய்தாலோ, அதுவே உங்கள் வசதிக் குழு உண்மையிலேயே வசதியாக இருந்ததா என்று சரிபார்க்கும் குறியாக உதவும்.

கணக்கு

விளக்கத்துக்காகப் புனைந்த எண்கள் இவை. ஏழைகள் 200 பேர், வசதியானவர்கள் 200 பேர்.

18–34 வயது: ஏழைகள் 100 பேரில் 2 பேருக்குத் தேய்மானம், வசதியானவர்கள் 40 பேரில் யாருக்கும் இல்லை.
35–49 வயது: ஏழைகள் 70 பேரில் 14, வசதியானவர்கள் 60 பேரில் 6.
50க்கு மேல்: ஏழைகள் 30 பேரில் 15, வசதியானவர்கள் 100 பேரில் 35.

மொத்தமாகக் கூட்டினால் ஏழைகளில் 31 பேர், 15.5 சதவீதம். வசதியானவர்களில் 41 பேர், 20.5 சதவீதம். வாய்ப்பு விகிதம் (ஏழைகளில் நோயுள்ளோருக்கும் நோயற்றோருக்கும் உள்ள விகிதத்தை வசதியானவர்களின் அதே விகிதத்தால் வகுத்தது) 0.71; செல்வம்தான் மூட்டைத் தேய்க்கிறது என்று தோன்றும். ஆனால் வயதுவாரியாகப் பாருங்கள்: மூன்று வரியிலும் ஏழைகளின் சதவீதமே அதிகம். வயதுவாரி விகிதங்களை ஒன்றாக்கும் மான்டெல்-ஹான்செல் முறையில் சேர்க்க, ஒவ்வொரு வரியிலும் நோயுள்ள ஏழைகளை நோயற்ற வசதியானவர்களால் பெருக்கி அந்த வரியின் மொத்தத்தால் வகுத்துக் கூட்டுங்கள்: 0.57, 5.82, 7.50, கூட்டினால் 13.89. நோயற்ற ஏழைகளை நோயுள்ள வசதியானவர்களால் பெருக்கி அதேபோல்: 0, 2.58, 4.04, கூட்டினால் 6.62. ஒன்றை மற்றதால் வகுத்தால் 2.1. அதே எலும்புகள், தலைகீழ் விடை.

இருவரையும் ஒரே வயது அமைப்புக்குக் கொண்டுவந்தால், அதாவது இரு குழுவையும் சேர்த்த 140, 130, 130 என்ற பரவலுக்கு, ஏழைகளில் 23.5 சதவீதம், வசதியானவர்களில் 14.6. கட்டுரையில் மொத்தச் சதவீதம், வயதுவாரிச் சதவீதம், சரிசெய்த விகிதம், அதன் 95 சதவீத நம்பக எல்லை ஆகிய நான்கையும் போடுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அட்டவணை.

பல காரணிகளை ஒரே நேரத்தில் கணக்கில் கொள்ளும் லாஜிஸ்டிக் சமன்பாட்டுக்குப் போனால் வயது, பாலினம், அந்தஸ்து, தொடைத்தலை விட்டம் ஆகியவை போதும். ஒரு மாறிக்குக் குறைந்தது பத்து நோயாளிகளாவது இருக்க வேண்டும். இடது, வலது முழங்கால்களை இரு தனி நபர்களாக எண்ணாதீர்கள். ஆளை ஓர் அடுக்காக வைத்த கலப்பு மாதிரி வேண்டும், அல்லது ஆளுக்கு ஒரு மூட்டு. தொடைத்தலை விட்டத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் இருமுறை ஓட்டிப் பாருங்கள். வறுமை உடலைச் சிறிதாக்கி, சிறிய உடல் முழங்காலைக் காக்கிறது என்றால், அதைச் சமன்பாட்டில் சேர்த்ததும் அந்தஸ்தின் விளைவு மாறும். எந்த வழி என்ற ஆரம்பக் கேள்விக்கு விடை அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

முடிவை எழுதும்போது

இறந்தவர்கள் உயிரோடு இருந்தவர்களின் பிரதிநிதிகள் அல்ல. 1992இல் முன்வைக்கப்பட்டு எலும்பியல் முரண் என்று அறியப்படும் வாதத்தின் சாரம் இதுதான். ஐம்பதைத் தாண்டிய ஏழை, தன் சகோதரர்களில் பலர் சாகப் பிழைத்தவர். மற்றவர்களைவிட உறுதியான உடல் கொண்டவராக இருக்கலாம். அப்படியானால் முதிய பெட்டியில் வறுமையின் விளைவு இருப்பதைவிடக் குறைவாகவே தெரியும். 50க்கு மேல் உள்ள வசதியானவர்கள் உண்மையில் இன்னும் முதியவர்கள் என்ற முந்தைய சிக்கலும் அதே பக்கம்தான் தள்ளும். இந்த இரண்டையும் மீறி ஏழைகளில் தேய்மானம் கூடுதலாக வந்தால் அந்த முடிவுக்கு வலு அதிகம். வரவில்லை என்றால் “தொடர்பு இல்லை” என்று எழுத உரிமை இல்லை.

ஏழை உடல் என்றாலே தேய்ந்த மூட்டு என்ற படத்துக்கு எதிரான சான்றையும் கட்டுரையில் வையுங்கள். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு, டெர்ரி, ஹாமன்-டாட் முதலிய தொகுதிகளில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் முழங்காலில் எபர்னேஷனை எண்ணியது. தொழில்மயமாதலின் தொடக்கக் காலத்தவர்களில் 6 சதவீதம், வரலாற்றுக்கு முந்தையவர்களில் 8 சதவீதம், பிந்திய இருபதாம் நூற்றாண்டினரில் 16 சதவீதம். வயதையும் உடல் எடைக் குறியீட்டையும் சரிசெய்த பிறகும் இரு மடங்கு உயர்வு நிற்கிறது. உடல் உழைப்பில் வாழ்ந்த அந்தப் பழைய ஏழைகளுக்கு முழங்கால் தேய்மானம் குறைவு.

முடிவு வாக்கியத்தில் மூட்டையும் வழியையும் சேர்த்தே சொல்லுங்கள். “ஏழைகளுக்கு மூட்டு நோய் அதிகம்” என்பது வேண்டாம். “இந்த இடுகாட்டில், வயதைச் சரிசெய்தபின், எளிய ஆண்களின் முழங்கையில் எபர்னேஷன் கூடுதல், முழங்காலில் வேறுபாட்டைக் காண முடியவில்லை” என்பது போதும். வகுக்கும் எண்களை ஒவ்வொரு மூட்டுக்கும் பின்னிணைப்பில் கொடுங்கள், 9 என்று குறித்தவை எத்தனை என்பதோடு. எலும்புகள் மறுபடியும் புதைக்கப்படவிருந்தால், ஒவ்வொரு மூட்டு முகத்தையும் சாய்ந்த ஒளியில், அளவுகோலோடு படம் எடுத்து, மூலப் பதிவுத்தாளோடு சேர்த்துப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு எலும்பைத் திருப்பிக் கொடுங்கள்.